இரண்டு கைக்கடிகாரமும் ஓர் அரைப்பேரும்

ஸ்ரீதரன் கங்காணி அன்று காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனிமேல் தன் உடம்பில் படுகிற ஒரு பொருளையாவது தானே பார்த்து, தானே பிடித்து, தானே வாங்குவது. யாரிடமும் கேட்பதில்லை. யாரிடமும் என்றால் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, முடிவு நியாயமானதுதான். அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் மனைவி கோகிலா பார்த்தது. செருப்பு அவள் பார்த்தது. மீசையின் அகலம்கூட அவள் சொன்னது. "கொஞ்சம் கொறைங்க, பெருச்சாளிக்கு மொளைச்ச மாதிரி இருக்கு" என்று கல்யாணமான புதிதில் ஒரு வார்த்தை சொன்னாள். அன்றையிலிருந்து அந்த மீசை எல்லை தாண்டியதில்லை.

மலையில் ஸ்ரீதரன் கங்காணி, லயத்து வீட்டில் கோகிலா கங்காணி. கொடகவெலயிலிருந்து மேலே ஏறுகிற வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கோகிலா அவர் மேற்பார்வை பார்க்கிற கேங்கிலேயே கொழுந்து எடுக்கிறவள். பகல் முழுக்க அவர் அவளை அதட்டலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. அதட்டியதற்குப் பதில் சாயங்காலம் வீட்டில் கிடைக்கும். அதனால் அவர் பகலிலும் அதட்டுவதில்லை.

வாங்க வேண்டிய பொருள் கைக்கடிகாரம். அதற்கும் காரணம் உண்டு. அந்தப் பக்கத்து மழை எப்படிப்பட்டதென்றால், வருஷத்தில் பாதி நாள் பெய்யும், மீதி நாள் பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். அப்படிப் பெய்த ஒரு நாளில் மணி பார்க்கப் போனை எடுத்தார். கை வழுக்கியது. போன் பக்கத்துக் கான் வாய்க்காலுக்குள் விழுந்து, தண்ணீரோடு தண்ணீராக அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டது.

மணி தெரியாத கங்காணி என்ன கங்காணி? காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கூடும்போது நேரம் பார்த்துப் பேர் போடுகிறவர் அவர்தான். நேரத்துக்கு வந்தவருக்கு முழுப்பேர். பிந்தி வந்தவருக்கு அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதி நாள் வேலைதான் கணக்கு. போன் போன பிறகு அவர் வானத்தைப் பார்த்துப் பேர் போட்டார். வானத்தில் எந்த நேரமும் மேகம்தான். பெண்கள் ஆடி அசைந்து வர ஆரம்பித்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகக் கொடகவெலவுக்கு இறங்கினார். "எங்கங்க போறீங்க?" என்று கோகிலா கேட்டாள். "சும்மா" என்றார். "சரி, சும்மா போயிட்டு வாங்க" என்றாள். இத்தனை சுலபமாக விட்டுவிட்டாளே என்று அவர் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

அப்துல் ரஸாக் நானாவின் கடையில் கடிகாரம், டோர்ச் லைட், ரேடியோ எல்லாம் இருக்கும். தோட்டத்து ஆட்களுக்கு மூன்று தலைமுறையாகப் பழக்கமான கடை. நானா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டே இரண்டு கைக்கடிகாரத்தை எடுத்து வைத்தார்.

"இப்ப இதான் பேஷன், கங்காணி. புத்தம் புதுசு. ஆனா பாத்தா பழைய காலத்து சாமான் மாதிரி ஈக்கும். வெலயும் நம்ம கைக்கு அடக்கம்."

ஒன்று வட்டம். பாலாடை நிறத்தில் முகம், ஊசி மாதிரி முள், பழுப்பு நிறத் தோல் வார். பேட்டரி கிடையாது, தினம் காலையில் திருகிச் சாவி கொடுக்க வேண்டும். மற்றது சதுரம். தங்க நிறப் பெட்டி, தங்க நிற உலோக வார், பேட்டரியில் ஓடுவது. கட்டினால் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைப்பார்கள், அப்படி ஒரு மினுமினுப்பு.

ஸ்ரீதரன் வட்டத்தைக் காதோடு வைத்தார். டிக் டிக் என்றது. அவ்வளவுதான், மனுஷன் விழுந்துவிட்டார். அந்தச் சின்னச் சத்தம் தனக்காகவே யாரோ உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி இருந்தது. அவருடைய வாழ்க்கையில் அவர் திருகி எதுவும் ஓடியதில்லை.

"ரெண்டயும் கொண்டு போங்க" என்றார் நானா. "ஊட்ல காட்டுங்க. புடிச்சத வெச்சிக்கிட்டு மத்தத கொண்டந்து தாங்க. நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு எப்பவும் அப்பிடித்தானே குடுக்குற."

"வீட்டுல என்னாத்த காட்டுறது நானா? கட்டப்போறது நான். எடுக்கப்போறதும் நான்."

"சரி சரி" என்றார் நானா, இரண்டையும் பெட்டியில் போட்டுக்கொண்டே. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுற."

மலை ஏறும்போது ஸ்ரீதரனின் மூளை வேலை செய்தது. வட்டத்தைப் பிடிக்கிறது என்று சொன்னால் கோகிலா சதுரத்தை எடுப்பாள். அது நிச்சயம். நீலச் சட்டை கேட்டு அவருக்குக் கத்தரிப்பூச் சட்டை வந்தது அப்படித்தான். ஆகவே சதுரத்தைப் பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அவள் "அது வேணாம், வட்டத்தை எடுங்க" என்பாள். இவர் மனசில்லாமல் சம்மதிக்கிற மாதிரி தலையாட்ட வேண்டும். திட்டத்தின் அழகில் அவருக்கே மெய் சிலிர்த்தது.

வீட்டில் கோகிலா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு பெட்டியையும் திறந்து வைத்தார்.

"என்னாங்க இது, பழைய வாட்ச்சா?"

"புதுசு. பழசு மாதிரி செஞ்சிருக்கான்."

"புதுசுக்குக் காசு குடுத்துப் பழசு மாதிரி வாங்கணுமா? கொஞ்ச நாள் கட்டினா அதுவே பழசாயிருமே."

"இதுதான் இப்ப பேஷன். இந்தச் சதுரத்தைப் பாரு. என்னா ஒரு கம்பீரம்! எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. வட்டம் சும்மா. கண்ணுலயே நிக்கல."

கோகிலா மாவுக் கையைத் துடைத்துவிட்டு வட்டத்தை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள்.

"சின்னதா, பொம்பளை கைக்கு ஆகுற மாதிரி இருக்கு."

"அந்தக் காலத்துல ஆம்பளைங்க வாட்ச்சே இந்த அளவுதானாம்" என்று பதறிப்போய்ச் சொன்னார் ஸ்ரீதரன். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா எனக்கு வேணாம்."

"தோல் வாரு வேற. நம்ம மழைக்குத் தாங்குமா? போன வருசம் ஒங்க பெல்ட்டுல காளான் மொளைச்சுச்சே, மறந்துட்டீங்களா?"

"அப்ப வட்டம் வேணாங்குறியா?"

"நான் எங்க சொன்னேன்? நீங்களே பாத்து எடுங்க. எனக்கு என்னா தெரியும்?"

'எனக்கு என்னா தெரியும்' என்று கோகிலா சொன்ன போதெல்லாம் அந்த வீட்டில் ஏதோ ஒரு முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். ஆனாலும் ஸ்ரீதரன் சமாளித்துக்கொண்டார். அவரிடம் இரண்டாவது திட்டமும் இருந்தது.

"ஒரு வாரம் ரெண்டையும் கட்டிப் பாக்குறேன். எது நேரத்தைச் சரியாக் காட்டுதோ அதுதான் வீட்டுல இருக்கும். மத்தது கடைக்குப் போகும். இதுதான் நியாயம்."

"நல்ல நியாயம்" என்றாள் கோகிலா, திரும்பவும் மாவில் கை வைத்தபடி.

மறுநாள் பெரட்டுக்களத்தில் ஸ்ரீதரன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். இடது கையில் வட்டம், வலது கையில் சதுரம். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியுமாக வந்து சுற்றி நின்றார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னைக்கிலேருந்து என் கையில இருக்குறதுதான் நேரம். போன்ல இது காட்டுது, அது காட்டுதுன்னு யாரும் வரக்கூடாது. பிந்தி வந்தா அரைப்பேரு. யாரா இருந்தாலும் அரைப்பேருதான்."

"ஏன் கங்காணி, ஒத்தை ஆளுக்கு ரெண்டு வாட்ச்சு?" என்றாள் இருளாயி. கேங்கிலேயே மூத்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"ரெண்டும் புதுசு. ரெண்டும் சரியான நேரம் காட்டும். எது இன்னும் சரின்னு பாக்குறேன்."

இதைச் சொல்லி வாயை மூடும்போது, படியில் கடைசி ஆளாக ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். கோகிலா. கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. வீட்டிலிருந்து நேரத்துக்குத்தான் கிளம்பியிருந்தாள். இவர் தன் பகல் சாப்பாட்டை மறந்துவிட்டு, இரண்டு கையையும் பார்த்தபடியே போய்விட்டார் என்று பாதி வழியில் தெரிந்து, திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கிறாள்.

எல்லாரும் ஸ்ரீதரனைப் பார்த்தார்கள். ஸ்ரீதரன் வட்டத்தைப் பார்த்தார். சதுரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே குரலில் பிந்திவிட்டது என்றன. யாரா இருந்தாலும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். பின்வாங்கினால் மானம் போகும்.

"கோகிலா, அரைப்பேரு" என்றார்.

கோகிலா சாப்பாட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

"ஏன் கங்காணி" என்று இருளாயி மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் மலைக்கே கேட்டது. "அவளுக்குப் போட்ட அரைப்பேரு ஒங்க வீட்டு அரைப்பேரு இல்லையா?"

பகலில் பெட்டியைத் திறக்கப் பயந்துகொண்டே திறந்தார். உள்ளே முழுச் சாப்பாடு இருந்தது. ரொட்டி, தேங்காய்ச் சம்பல், ஒரு முட்டைகூட. சாயங்காலம் வீட்டிலும் சண்டை இல்லை. "தேத்தண்ணி குடிங்க" என்றாள். சர்க்கரைகூட அளவாக இருந்தது. தான் வென்றுவிட்டதாக ஸ்ரீதரன் நினைத்தார். பாவம், அவருக்கு வென்று பழக்கமில்லை, அதனால் அது எப்படியிருக்கும் என்று தெரியவில்லை.

அடுத்த நாள்தான் வினை ஆரம்பித்தது.

பெரட்டுக்களத்தில் கையை நீட்டினார். வலது கையில் சதுரம் நேரம் ஆகிவிட்டது என்றது. இடது கையில் வட்டம் இன்னும் கால் மணி இருக்கிறது என்றது. களத்தில் ஒருவரும் இல்லை. குலுக்கிப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். இரண்டும் உயிரோடுதான் இருந்தன.

பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நிதானமாக வந்தார்கள்.

"எல்லாரும் பிந்திட்டீங்க!"

"எந்தக் கையில கங்காணி?" என்றாள் இருளாயி.

"இந்தா பாரு, வலது கையில."

"இடது கையில இன்னும் டைம் இருக்கே?"

"அது... அது கொஞ்சம் மெதுவா ஓடுது போல."

"அப்ப வட்டம் தப்புங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மரியாதையான குரல். கோகிலாவின் குரல். "அப்பிடின்னா சொல்லிருங்க, இன்னைக்கே கடைக்குத் திருப்பி அனுப்பிரலாம்."

ஸ்ரீதரன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். வட்டம் தப்பு என்று சொன்னால் வட்டம் கடைக்குப் போய்விடும். சதுரம் தப்பு என்று சொல்லவும் முடியாது, அதன் கம்பீரத்தைப் பற்றி வீட்டில் வாய் கிழியப் பேசியாகிவிட்டது. ஒன்று அவர் ஆசைப்பட்டது, மற்றது அவர் புகழ்ந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

"ரெண்டும் சரிதான்" என்றார் கடைசியில்.

"அப்ப நாங்க யாரும் பிந்தல" என்று இருளாயி தீர்ப்புச் சொன்னாள். எல்லாருக்கும் முழுப்பேர் விழுந்தது.

சாயங்காலம் இன்னொரு கூத்து. கொழுந்து மலையில் பெண்கள் திடீரென்று படங்கை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

"எங்க போறீங்க? இன்னும் நேரம் ஆகலையே!"

"வலது கையப் பாருங்க கங்காணி."

பார்த்தார். சதுரம் வேலை முடிந்துவிட்டது என்றது. "இடது கையில இன்னும் இருக்கே" என்றார் பரிதாபமாக.

"இடது கை வர்றதுக்கு. வலது கை போறதுக்கு" என்றாள் இருளாயி. "நீங்கதானே சொன்னீங்க, ரெண்டும் சரின்னு?"

அந்த வாரம் முழுவதும் வெள்ளைக்கல் தோட்டத்தில் இதுதான் சட்டம். பெண்கள் வட்டத்தைப் பார்த்து வந்தார்கள், சதுரத்தைப் பார்த்துப் போனார்கள். ஸ்ரீதரன் தினமும் விடிய எழுந்து, வீட்டுச் சுவரில் இருக்கிற மணிக்கூட்டைப் பார்த்து இரண்டையும் சரியாக வைப்பார். வட்டத்துக்கு ஆசையாகச் சாவி கொடுப்பார். மேசையில் வைத்துவிட்டுப் பீலிக்கரைக்குக் குளிக்கப் போவார். வந்து கட்டிக்கொண்டு களத்துக்குப் போனால் ஒன்று முன்னால் ஓடியிருக்கும், ஒன்று பின்னால் தங்கியிருக்கும்.

"மழையில ஈரம் புகுந்திருக்குமோ?" என்று வீட்டில் கவலைப்பட்டார்.

"இருக்குங்க" என்றாள் கோகிலா. "இல்லாட்டி ரெண்டுக்கும் ஒண்ணை ஒண்ணு ஆகாதோ என்னமோ. சில சோடி அப்பிடித்தான்."

தோட்டத்துக்கே கொண்டாட்டம். மற்ற கேங் பெண்கள் எங்களுக்கும் ரெண்டு வாட்ச் கட்டின கங்காணி வேணும் என்று கேட்கத் தொடங்கினார்கள். யாரோ ஒருத்தி மூன்றாவது கடிகாரம் வாங்கி அவர் காலில் கட்டலாம் என்றாள். ஸ்ரீதரனுக்கு எரிச்சல் வந்தாலும் ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. ஆட்கள் குஷியாகக் கொழுந்து எடுத்தார்கள், கூடைகூட நிறைந்துதான் வந்தது. ஆனால் அவருக்கு ஒரே பயம், வட்டம் கையை விட்டுப் போய்விடுமே என்று.

வெள்ளிக்கிழமை அந்தப் பயத்துக்கு ஆள் வந்தது. கங்காணிகளுக்கெல்லாம் மேலதிகாரியான கண்டக்டர் மாத்தயா மோட்டார் சைக்கிளில் மலைக்கு ஏறினார். வழியிலேயே பெண்கள் கூட்டம் பாட்டும் கூத்துமாக எதிரில் இறங்கி வந்தது.

"எங்க போறது எல்லாம்?"

"வேலை முடிஞ்சிருச்சு மாத்தயா. கங்காணி கையில டைம் ஆயிருச்சு."

கண்டக்டர் நேராக ஸ்ரீதரனிடம் வந்தார். அவருடைய இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். மூன்றும் மூன்று நேரம் சொல்லின.

"மொகத மே, ஸ்ரீதரன்? ஒர்லோசு தெகக்?" என்று சிங்களத்தில் ஆரம்பித்து, ஆத்திரத்தில் தமிழுக்கு வந்தார். "ரெண்டு கையில ரெண்டு மணிக்கூடா? நாளைக்கு ஒண்ணுதான் கட்டிட்டு வரணும். அதுவும் சரியானது. இல்லாட்டி நான் வேற கங்காணி பாக்குறேன்."

அவர் பின்னாலேயே திரும்பி வந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். கோகிலா மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் இரண்டு கடிகாரமும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இன்றைக்கு முடிவு செய்தே ஆக வேண்டும். ஸ்ரீதரன் தொண்டையைக் கனைத்தார். பழைய திட்டம் இன்னும் செத்துப் போகவில்லை, கடைசியாக ஒரு தடவை உசுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தார்.

"நான் சதுரத்தையே வச்சுக்கலாம்னு பாக்குறேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இதோ மறுக்கப் போகிறாள். இதோ.

"சரிங்க" என்றாள் கோகிலா. "ஒங்களுக்குப் புடிச்சிருந்தா எனக்கும் புடிச்சிருக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. ஸ்ரீதரன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல, வட்டமும் ஒண்ணும் மோசமில்லதான்..."

"சீச்சீ. கண்ணுலயே நிக்கலன்னு மொத நாளே சொல்லிட்டீங்களே. புருசனுக்குப் புடிக்காததைக் கட்டுங்கன்னு நான் சொல்லுவேனா?"

"ஒரு மரியாதைக்காவது நீ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலாமே கோகிலா!"

"எதுக்குங்க? இந்த ஒரு பொருளாவது நீங்களே பாத்து எடுத்ததா இருக்கட்டுமே."

அவர் கண்ணாடிக்கு முன்னால் மனசுக்குள் சொல்லிக்கொண்டது இவளுக்கு எப்படிக் கேட்டது? அவர் யோசித்து முடிப்பதற்குள் வட்டம் அவளுடைய கைப்பைக்குள் போய்விட்டது. "நாளைக்கு வேலை முடிஞ்சு டவுனுக்குப் போறேன். நானே நானாகிட்ட சேத்துட்டு வந்துர்றேன்" என்றாள்.

சனிக்கிழமை சதுரம் மட்டும் கட்டிக்கொண்டு போனார். ஆச்சரியம், நேரம் துல்லியமாக இருந்தது. கண்டக்டர் போனோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் உலோக வார் கை முடியைக் கவ்விப் பிடித்தது. ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும் ஒரு முடி போயிற்று. காதில் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. ஊமை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடியும் சும்மா டவுனுக்குக் கிளம்பினார். "பன்னெண்டரைக்குச் சாப்பாடு. பிந்தாம வந்துருங்க" என்றாள் கோகிலா. அவர் வேகவேகமாக இறங்கினார். வட்டம் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும், சதுரத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் கேட்டால் சதுரம் நின்றுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சுதந்திரம் என்பது கொஞ்சம் சுற்றி வந்தாலும் சுதந்திரம்தானே.

"வட்டமா?" என்றார் ரஸாக் நானா. "அது குடுத்தாச்சே."

"யாருக்கு?"

நானா ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். "இரிங்க கங்காணி. தண்ணி குடிக்கிறீங்களா?"

"யாருக்கு நானா?"

"ஒங்கட ஊட்டுக்குத்தான். கோகிலா தங்கச்சி நேத்து வந்து தோல் வாரைக் கழட்டிட்டு நைலோன் வார் போட்டு எடுத்துட்டுப் போனா. மழைக்குத் தோல் சரிவராதாம்."

"எனக்கா எடுத்துட்டுப் போனா?" ஸ்ரீதரனின் முகத்தில் சூரியன் உதித்தது.

"இல்ல. அவளுக்கு." சூரியன் அங்கேயே மறைந்தது. "நீங்க மொதல்ல வாறதுக்கு முந்தியே அவ வந்து ரெண்டயும் பாத்து வெச்சிட்டுப் போயிட்டா கங்காணி. வட்டம் தனக்கு, சதுரம் ஒங்களுக்கு. 'அவரு வந்தா ரெண்டயும் குடுத்து உடுங்க நானா, தானே எடுத்த மாதிரி ஈக்கட்டும், மனுசன் ஆசப்படுறாரு' எண்டு சொன்னா. நல்ல புள்ள."

ஸ்ரீதரன் தண்ணீரைக் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். பஸ் வந்தது, போயிற்று. மழையும் வந்தது. மழை விட்டும் அவர் மலை ஏறிய வேகத்தில் நத்தை முந்தியிருக்கும்.

வீட்டு வாசலில் கோகிலா நின்றிருந்தாள். இடது மணிக்கட்டில் வட்டம். பச்சை நைலோன் வாரில் அது இன்னும் அழகாக இருந்தது, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"நானா எல்லாம் சொல்லிட்டாரா?" என்றாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும், நான் வாட்ச் வாங்கப்போறேன்னு?"

"வெறுங்கையைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடியில பாத்துக்கிட்டு நின்னீங்களே. கண்ணு தெரியாதவளா நான்?"

"அப்ப அந்த நேரம் மாறினது..."

"நீங்க குளிக்கப் போனப்புறம் நான்தான் திருகுனேன். ஒண்ணை முன்னுக்கு, ஒண்ணைப் பின்னுக்கு. மொதல்ல அப்பிடி நெனைக்கவேயில்ல. ஒங்க சாப்பாட்டுக்காகத் திரும்பி ஓடுனவளுக்கு அரைப்பேரு போட்டீங்க பாருங்க, அன்னைக்குத்தான் கை அரிச்சுச்சு."

"கேங் பூரா ஒனக்குக் கூட்டா?"

"இருளாயிக்கு மட்டும்தான் சொன்னேன்."

இருளாயிக்குச் சொன்னால் மலைக்குச் சொன்ன மாதிரி. ஸ்ரீதரனுக்கு முதலில் கோபம் வரப் பார்த்தது. வலது கையில் வருவதற்கு, இடது கையில் போவதற்கு என்று ஒரு வாரம் தான் நின்ற கோலம் ஞாபகத்துக்கு வந்தது. இல்லை, அது இடது கையில் வருவதற்கு. அதுகூட இன்னும் குழம்பிற்று. திடீரென்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்க, அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டு வாசலில் இருளாயியும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஏங்க, நானும் இத்தனை வருசமா மலையில நெழலைப் பாத்தே நேரம் சொல்லிக்கிட்டிருக்கேன். எனக்கும் ஒரு வாட்ச் ஆகாதா?" என்றாள் கோகிலா, சிரிப்பு அடங்கிய பிறகு. மணிக்கட்டைத் தூக்கி அவர் காதோடு வைத்தாள். டிக் டிக் என்றது. "ஒங்களுக்கு ஆசையா இருந்தா தெனம் காலையில நீங்களே சாவி குடுங்க. கட்டுறது மட்டும் நான்."

ஸ்ரீதரனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் கையில் அது நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஏற்பாடு ஒன்றும் மோசமில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குப் பசியில் பிராணனும் போகிறது. உள்ளே தேங்காய் ரொட்டியும் கட்டாச் சம்பலும் மணந்தன. கை கால் கழுவிக்கொண்டு ஓடி வந்து உட்கார்ந்தார்.

தட்டு வந்தது. தட்டில் நடுவாகக் கிழித்த பாதி ரொட்டி இருந்தது. ஓரத்தில் பாதிக் கரண்டி சம்பல்.

"என்னா கோகிலா, மீதி எங்க?"

கோகிலா இடது கையைத் திருப்பி வட்டத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டரைக்குன்னு சொன்னேன். பிந்திட்டீங்க. அரைப்பேரு."